நெரிசல் என்று எண்ணியவை

மார்ச் 2

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, நானே எழுதுகிறேன். முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. ஓர் எழுத்து மேலே போகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. முதியோர் கல்வி வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "லிஃப்ட்டுக்காரரே, பழக்கதோஷம் இன்னும் போகலையா?" என்று கேட்டார். எண்களை மட்டும் பார், அழகாக இருக்கும். முப்பத்தொரு வருஷம் மாடி எண்களைப் பார்த்தபடியே நின்றவன் நான். எண்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். எழுத்துகளோடுதான் இந்த அறுபத்தொன்பது வயதில் புதுப் பழக்கம்.

நீ நலமா? இங்கே நானும் உன் அண்ணியும் நலம். மாடிப்படி ஏறும்போது முழங்கால் முனகுகிறது. வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டில் போனவனுக்குப் படி ஒத்துக்கொள்ளுமா?

இதைத் தொடங்கி இன்றோடு நான்கு நாள். ஒரு நாளைக்கு ஆறு வரிக்கு மேல் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. உன் அண்ணி சொல்கிறாள், "இத்தனை வருஷம் வாயால படுத்தினது பத்தாதா, இனிமே கையாலயுமா?" ஆனாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள்.

இனிமேல் நமக்குள் போன் வேண்டாம். கடிதம்தான். போனில் பேசிக்கொண்டிருந்தால் நான் படித்தது எதற்கு?

லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள், உங்கள் தங்கை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் என்பேன். அதற்குள் அவர்களுடைய மாடி வந்துவிடும். நல்லவேளை, அதற்கு மேல் எனக்குத் தெரியாது. இப்போது எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நீ என்ன வேலை செய்கிறாய் என்று எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் தபால் பெட்டிக்கு முன் நின்றபடியே படித்தேன். நாற்பத்தேழு வயதிலும் என்னைப் பொடிசு என்று கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்பது நல்லதுதான். கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஒரு சொல் கூடத் தட்டவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் வேலை. உங்கள் லிஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்பவர்கள் யாரும் யாரையும் இடிக்கக் கூடாது என்று ஒரு விதி வைப்போம். லிஃப்ட் பெரிதாக இருந்தால் எப்படி நின்றாலும் சரிவரும். சிறிதாக இருந்தால் எப்படி மாற்றி நிறுத்தினாலும் யாராவது இடிபடுவார்கள். நடுவில் ஓர் எல்லை இருக்கிறது. அதுவரை இடம் உண்டு. தாண்டினால் நெரிசல்.

நான் பார்ப்பது கணினிக்குள் இருக்கும் வலைகளை. படத்தைக் காட்டினால் இது பூனை, இது நாய் என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் வலைகள். ஒவ்வொரு வலையிலும் ஆயிரக்கணக்கான சின்னத் திருகுகள். ஒவ்வொரு படமும் லிஃப்ட்டில் ஏறும் ஓர் ஆள். "என்னைச் சரியாகச் சொல்" என்று இடம் கேட்கும். திருகுகள் அதிகம் இருந்தால் லிஃப்ட் பெரிது என்று அர்த்தம், எல்லாப் படத்துக்கும் இடம் கிடைத்துவிடும். குறைந்தால், ஒரு படத்துக்காகத் திருகினால் இன்னொரு படம் தப்பாகும். எத்தனை படத்துக்கு எத்தனை திருகு என்ற கணக்கில் நெரிசல் தொடங்குகிறது? மணல் குவியல் எப்போது இறுகுகிறது என்று பார்க்கும் இயற்பியலை வைத்து இதைக் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த எல்லையை ஒரு கோடாக வரைந்து கட்டுரை வெளியிட்டேன். என் பேருக்கு இருப்பது அந்த ஒரு கோடுதான்.

ஜூன் மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த மாதம் 12ஆம் தேதி ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்தக் கட்டுரையைத்தான் மேஜையில் வைப்பார்கள். இது என் ஐந்தாவது ஊர், ஐந்தாவது ஒப்பந்தம். இன்னொரு முறை பெட்டி கட்டத் தெம்பில்லை, அண்ணா.

உடம்பு கொஞ்சம் சுடுகிறது. படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை

மார்ச் 24

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதத்தைப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. படித்தது புரிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் லிஃப்ட்டில் பன்னிரண்டு பேர் என்று பலகை இருக்கும். பதினொன்றாவது ஆள் வரை யாருக்கும் கவலை கிடையாது. பன்னிரண்டாவது ஆள் ஏறும்போதுதான் ஒவ்வொருவரும் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு திண்டாடுவார்கள். அந்தத் திண்டாட்டத்தைப் படிக்கத்தான் உனக்குச் சம்பளம் என்பது இப்போது தெரிந்தது. நான் அதைச் சும்மாவே பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். பூனை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "துணி பத்தாம சட்டை தைக்கச் சொல்றவங்க கதைதானே இது. எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்கும் உன் துறையில் ஓர் இடம் பார்த்து வை.

காய்ச்சல் எப்படி இருக்கிறது? அண்ணி போன் செய்யச் சொல்கிறாள். கடிதம் என்றால் கடிதம்தான் என்று சொல்லிவிட்டேன். என் பேச்சைக் காப்பாற்ற, நீ சீக்கிரம் பதில் போடு.

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பதினோரு நாள் காய்ச்சல். இப்போது நடமாடுகிறேன். அண்ணியிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் படுத்திருந்தபோது ஒன்று நடந்தது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரு வலை பத்து லட்சம் சுற்றுத் திருகியும் எல்லாப் படத்துக்கும் இடம் காணாவிட்டால் அதை நெரிசல் என்று எண்ணிக்கொண்டு நிறுத்திவிடும்படி கணினிக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். எங்காவது நிறுத்தத்தானே வேண்டும்? போன மாதம் ஒரு சோதனைக்காக அந்த வரியை எடுத்தேன், திரும்பப் போட மறந்துவிட்டேன். அப்படியே பழைய வலைகளை ஓடவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அவற்றை நிறுத்த யாரும் இல்லை.

கட்டுரையில் எல்லைக்குப் பக்கத்தில் நெரிசல் என்று நான் எண்ணியவை 371. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவற்றில் 214 வலைகள் இடம் கண்டுபிடித்திருந்தன. எல்லாப் படத்துக்கும். அவை மாட்டிக்கொண்டிருக்கவே இல்லை, அண்ணா. மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. எல்லைக்குப் பக்கத்தில் எல்லாம் மெதுவாகிவிடும் என்பது எங்கள் துறையில் முதல் பாடம். நான் லிஃப்ட்டின் கதவைச் சீக்கிரம் சாத்திவிட்டு, உள்ளே இடமில்லை என்று அச்சிலே எழுதிவிட்டேன். கோடு இருக்கும் இடம் தப்பு.

மூன்று முறை சரிபார்த்தேன். களைப்பாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

உங்கள் தங்கை

ஏப்ரல் 20

அனுப்புநர்: ஓய்வுபெற்ற லிஃப்ட் இயக்குபவர்.
பெறுநர்: துறைத் தலைவர் அவர்கள்.
பொருள்: என் தங்கைக்கு வேலையை நிரந்தரமாக்கக் கோருவது சம்பந்தமாக.

ஐயா,

வணக்கம். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். எங்கள் வகுப்பில் அலுவலகக் கடிதம் ஒன்று எழுதி வரச் சொன்னார்கள். எல்லோரும் தெருவிளக்குக் கேட்டு எழுதினார்கள். எங்கள் தெருவில் விளக்கு எரிகிறது. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன். தங்கள் முகவரி என் தங்கை அனுப்பிய உறையின் மூலையில் அச்சாகியிருந்தது.

என் தங்கை தங்கள் துறையில் நெரிசல் பற்றி ஆராய்கிறாள். நெரிசல் என்று அவள் எண்ணிய 371 வலைகளில் 214 நெரிசல் அல்ல என்று அவளே கண்டுபிடித்தாள். காய்ச்சலில் கிடந்தவள், எழுந்ததும் மூன்று முறை சரிபார்த்தாள். நான் என் வேலையில் ஐந்தாம் மாடி என்று ஏழாம் மாடியில் கதவைத் திறந்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்றால் பேசாமல் மூடிவிடுவேன். அவள் அப்படி இல்லை. என் தங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை அவளே தங்களிடம் சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்குத் தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் தெரியாது. அதனால் அந்தப் பகுதியை நான் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவரை ஐந்தாவது ஊரோடு நிறுத்தி, அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. நல்ல செய்தியாகத் தெரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அவளுடைய அண்ணன்

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். போன கடிதத்தில் ஒன்று எழுத விட்டுப்போயிற்று.

அந்த 214 பற்றி யாரிடமும் பேச வேண்டாம். நீங்கள் யாரிடம் பேசப் போகிறீர்கள், இருந்தாலும் வகுப்பில் உரக்கப் படித்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன். தப்பை மறைக்கப் போவதில்லை. கட்டுரையைத் திருத்துவேன். ஜூன் 12 முடியட்டும், அடுத்த நாளே நான் எழுதிவிடுவேன். இரண்டு மாதம் தள்ளிச் சொன்னால் அந்த வலைகளுக்கு ஒன்றும் ஆகாது. முந்திச் சொன்னால் கூட்டத்தில் என் பேரில் மிச்சம் ஒன்றும் இருக்காது. இதை எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். இதுதான் முடிவு.

இதற்குப் பதில் சொல்ல வேண்டாம். நீங்கள் படிக்கும் பாடம் எதுவரை வந்தது என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை

மே 1

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நீ நலமா. உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

இங்கே வெயில் அதிகம். தையல்காரம்மா தன் மகனுக்கு முதல் கடிதம் எழுதி, உறையில் தன் முகவரியையே எழுதி அனுப்பி, அது அவருக்கே திரும்பி வந்துவிட்டது. அதிர்ஷ்டக்காரி. நான் ஒரு வேலையாகத் தபால் நிலையம் போயிருந்தேன். பெட்டியில் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டேன். அங்கிருந்தவர், "போட்டது போட்டதுதான் பெரியவரே. அதுக்குத்தான் பெட்டிக்குப் பூட்டு" என்றார்.

உங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை யார் பிரிப்பார்கள்? எல்லாக் கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அண்ணன்

மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

கை வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கடிதம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கடிதங்களை எல்லாம் தலைவரின் உதவியாளர் பிரித்து அவரவர் பெட்டியில் போடுவார். உங்களுடையவை ஒன்றும் தொலையவில்லை.

ஒரு நல்ல அறிகுறி. தலைவர் இரண்டு வாரமாக என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். போன வாரம் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து, வேலை எப்படிப் போகிறது, மனதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நேற்று நடைபாதையிலும் அதையே கேட்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சரி என்று போனார். நீட்டிப்பை முடிவு செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் யாரும் எனக்கு டீ போட்டுக் கொடுத்ததில்லை.

நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன். அண்ணிக்கு அன்பு.

உங்கள் தங்கை

மே 27

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நீ நலமா.

இதற்கு முன் நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்து சரியாக வரவில்லை.

நீ தூங்கியது நல்லது. டீ கொடுத்ததும் நல்லது. எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தத் தலைவர் நல்ல மனிதராகத் தெரிகிறார். அவர் இன்னொரு தடவை கேட்டால் அதைச் சொல்லிவிடேன். 12ஆம் தேதிக்கு முன்னாலேயே சொன்னால் என்ன? சும்மா தோன்றியது, எழுதினேன்.

அண்ணி உன்னைக் கேட்டாள். என் மேல் கோபமாக இருக்கிறாள். அவள் கோபத்துக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

அண்ணன்

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

கூட்டம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. முன்பே எழுத முடியவில்லை.

ஐந்து பேர் இருந்தார்கள். நான் கோட்டைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன். கடைசியில் தலைவர் கேட்டார்.

"இந்தக் கட்டுரையில இன்னைக்குத் தேதிக்கு ஏதாவது திருத்தணுமா?"

"இல்ல, சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"இல்ல, சார்."

அவர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 371, 214. அந்த எண்களைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. அவர் முழுவதும் படிக்கவில்லை. ஒரு வரி மட்டும் படித்தார். "என் தங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது." மற்ற நான்கு பேரும் தங்கள் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். "ஏப்ரல் கடைசியிலயே வந்துருச்சு. நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். தப்பு பண்ணினதுக்காக நான் யாரையும் அனுப்பினதில்லம்மா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. என்னைவிட அவர்தான் களைத்துப்போயிருந்தார்.

நீட்டிப்பு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்றைக்கே இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். ஜூலை கடைசி வரை அறையும் கணினியும் உண்டு. மிச்சம் 157 வலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நேற்று அவற்றில் மூன்று விடுபட்டன. கோட்டைச் சரியான இடத்தில் வரைந்து வைத்துவிட்டுப் போவேன்.

நீங்கள் அதை அனுப்பியது நல்ல மனதோடுதான் என்று எனக்குத் தெரியும். என் ஏப்ரல் 22 கடிதம் உங்களுக்கு வரும் முன்பே அது போய்விட்டது என்பதும் தேதியைப் பார்த்தால் தெரிகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு இரண்டு கடிதம் எழுதினீர்கள். இரண்டையும் நேற்று எடுத்து மறுபடி படித்தேன்.

உங்கள் தங்கை

ஜூலை 2

பொடிசு,

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

உன் ஏப்ரல் 22 கடிதம் 28ஆம் தேதி வந்தது. படித்த உடனே என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. தபால் நிலையத்துக்கு அதற்காகத்தான் போனேன். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அவகிட்ட சொல்லிடுங்க. அவளே முந்திக்கிட்டு அவர்கிட்ட போய்ச் சொல்லட்டும்" என்றாள். நான் போனைத் திரும்ப வைத்துவிட்டேன். கடிதம்தான் என்று பேசியிருக்கிறோமே என்று அவளிடம் சாக்குச் சொன்னேன். அதற்காகத்தான் அவள் என் மேல் கோபமாக இருந்தாள். காரணம் இல்லை என்று நான் எழுதியது பொய்.

அண்ணன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு முதல் காரியமாக இதைத்தான் செய்தார் என்று நீ நினைப்பாயே என்று பயந்தேன். அந்தத் தாள் எங்கோ தொலைந்துபோயிருக்கும் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ டீயைப் பற்றி எழுதியபோது அது தொலையவில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பதில் எழுதிய அன்றும் பதினாறு நாள் மிச்சம் இருந்தது. அவருக்குத் தெரியும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ அவர் அறைக்குப் போயிருப்பாய். நான் சும்மா தோன்றியது என்று எழுதினேன்.

உன் வேலையைப் பறித்தது நான் எழுதிய கடிதம் அல்ல. அதன் பிறகு உனக்கு எழுதிய இரண்டும்தான். பொய் சொல்லத் தெரியாது என்று அவருக்கு நான் எழுதிய அந்த வரி, உன்னைப் பற்றி எழுதியது. இந்த அண்ணனுக்கு அது பொருந்தாது. உனக்கும் ஒரே நாள்தான் பொருந்தாமல் போயிற்று.

இரண்டு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. தையல்காரம்மா வீட்டுக்கு வந்து, "என்ன, எல்லாம் படிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாளை போகிறேன்.

உன் அண்ணி முன்னறையிலிருந்த என் கட்டிலை நகர்த்தி உன் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறாள். வா என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, அவள் சார்பில் எழுதுகிறேன். உன் வலைகளில் இன்று எத்தனை விடுபட்டன என்று மட்டும் ஒரு தாளில் எண் எழுதி அனுப்பினாலும் போதும். அதையும் அனுப்ப மனமில்லை என்றால் விட்டுவிடு.

கிழித்துப்போட்ட நான்கு கடிதங்களிலும் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்குக் கை இதற்கு மேல் ஓடாது. முதல் கடிதத்தில் இருந்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்